30சிசி பெட்ரோல் எஞ்சினுக்கு எந்த 2டி ஆயில், எவ்வளவு கலக்கறது?

சேலத்து_கருடன்:
வணக்கம் எல்லாருக்கும். இத்தனை நாளா ரிமோட் மாடல் ஏரோப்ளேன்ல க்ளோ எஞ்சின் (மெத்தனால்ல ஓடறது) தான் ஓட்டிட்டு இருந்தேன், இப்ப டிஎல்இ 30 பெட்ரோல் எஞ்சின் வாங்கி 78 இன்ச் எக்ஸ்ட்ரா 300 மாடல்ல மாட்டியாச்சு, இன்னும் ஸ்டார்ட் பண்ணல. 2 ஸ்ட்ரோக் (2டி) ஆயில் விஷயத்துல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. மேனுவல்ல 30:1, அதாவது 30 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில். எங்க ஃபீல்டுல ஒரு சீனியர் 25:1 போடு அப்பதான் எஞ்சின் ரொம்ப நாள் உழைக்கும்ங்கறார், இன்னொருத்தர் 50:1 தாண்டி ஆயில் ஊத்தினா ப்ளக் கருகிடும்ங்கறார், யூட்யூப்ல ஒருத்தர் 100:1ல வருஷக்கணக்கா ஓட்டறேன்னு காட்றார். சரி எந்த ஆயில்னு கேட்டா அதுக்கும் இதே கதை. பங்க்ல கிடைக்கற 2டி பாக்கெட் போதுமா, மோட்டுல் 710 தான் வாங்கணுமா? வீட்ல க்ளோவுக்கு வாங்கின காஸ்டர் ஆயில் (விளக்கெண்ணெய்) அரை டப்பா மிச்சம் இருக்கு, அதுல கொஞ்சம் சேத்துக்கலாமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

ப்ராப்_பிரியன்:
மோட்டுல் 710, 40:1, வேற யோசிக்காதீங்க ப்ரோ. முழு சிந்தடிக், எஸ்டர் பேஸ், புகை கம்மி. நான் 55சிசி வரைக்கும் இதான் போடறேன், எக்ஸாஸ்ட் போர்ட்டுல கார்பன் சேரவே இல்ல.

டூஸ்ட்ரோக்_ராசா:
பங்க் 2டி எதுக்கு ஆகாதுங்கறீங்க? என் டூ-ஸ்ட்ரோக் பைக் அதுலதான் ஓடுது, இன்னிக்கும் ஒரே உதைல ஸ்டார்ட் ஆகும். ஆயில் ஆயில்தான். பேருக்கு காசு கொடுக்கறது என்னத்துக்கு?

லேத்து_பட்டறை:
தம்பி கருடன், முதல்ல அந்த காஸ்டர் டப்பாவ எடுத்து தனியா வைங்க. க்ளோ எரிபொருள் மெத்தனாலுங்க, அதுல விளக்கெண்ணெய் நல்லா கரையும், பெட்ரோல்ல சாதா விளக்கெண்ணெய் ஒழுங்கா கரையாது, கலக்கும்போது கரைஞ்ச மாதிரி தெரியும், கொஞ்ச நேரம் டேங்க்ல நின்னா அடியில இறங்கிடும், அப்புறம் க்ளங்க் (டேங்க் அடியில கிடந்து எரிபொருள உறிஞ்சற குழாய் முனை) ஒரு நிமிஷம் ஆயில உறிஞ்சும் அடுத்த நிமிஷம் வெறும் பெட்ரோல உறிஞ்சும். முதல் உலகப்போர் காலத்து ரோட்டரி எஞ்சின்ல விளக்கெண்ணெய் ஊத்தினதே இந்தக் குணத்துக்காகத்தான், கிராங்க்கேஸ் வழியா போற பெட்ரோல் அத கழுவிட்டுப் போகாது. அங்க ஆயில் தனி பம்ப்ல வரும், அதனால சரியா இருந்துச்சு. நமக்கு கலந்து போகணும். பெட்ரோல்ல கரையற மாதிரி பக்குவம் பண்ணின ரேஸிங் காஸ்டர் வேற சரக்கு, உங்க வீட்ல இருக்கறது அது இல்ல.

இன்னொண்ணு. க்ளோவுல 18, 20 சதவீதம் ஆயில் ஊத்திப் பழகின கைக்கு பெட்ரோல்ல மூணு சதவீதம்னு சொன்னா பயமா இருக்கும். பயப்படாதீங்க. மெத்தனால் எஞ்சின் நிறைய எரிபொருள் குடிக்கும், ஆயிலும் அதோட சேந்து வெளிய அடிச்சிட்டுப் போயிடும். பெட்ரோல் எஞ்சின்ல பெட்ரோல் கிராங்க்கேஸ் உள்ள ஆவியானதும் ஆயில் மட்டும் பிரிஞ்சு பேரிங், கனெக்டிங் ராட் நீடில் பேரிங், பிஸ்டன் பக்கவாட்டு எல்லாத்துலயும் ஈரமா ஒட்டிக்கும், கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்து மேல போய் எரியும். உள்ள எப்பவும் ஒரு படலம் நிக்கும். 30:1ல வர்றது அதுக்கு தாராளம்.

ராசா தம்பிக்கு ஒரு வார்த்தை. பங்க் 2டி மோசம்னு நான் சொல்ல மாட்டேன். 1999 ஏப்ரல்ல இருந்தே நம்ம நாட்டுல விக்கற 2டி ஆயில் ஏபிஐ டிசி (அமெரிக்க தரம்), ஜாஸோ எஃப்சி (ஜப்பான் தரம்) இருக்கணும்னு கொண்டு வந்தாச்சு, அதனால லேபிள் இருக்கற சரக்கு எதுவும் எஞ்சின இறுகிப் பிடிக்க வைக்காது. ஆனா பைக் சிக்னல்ல நிக்குது, இறக்கத்துல சும்மா உருளுது, முழு த்ராட்டில்ல எத்தனை நிமிஷம் ஓடுதுன்னு நினைச்சுப் பாருங்க. இந்த எஞ்சின் 18 இன்ச் ப்ராப்ப (ப்ரொப்பெல்லர்) 7000 ஆர்பிஎம் பக்கம் சுத்திட்டு, கௌலுக்குள்ள (எஞ்சின மூடற கவசம்) அடைஞ்சு கிடந்து, செங்குத்தா ஏறிட்டு இருக்கும். அந்த சூட்டுல ரிங் பள்ளத்துல கரி பிடிக்காம இருக்கணும், அதுக்குத்தான் ஜாஸோ எஃப்டி. எஃப்சிக்கும் எஃப்டிக்கும் வழுக்கறதுல, புகைல பெரிய வித்தியாசம் கிடையாது, சுத்தமா வச்சுக்கற குணத்துலதான் எஃப்டி ஒரு படி மேல. டப்பாவுல பிராண்ட் பேர விட்டுட்டு பின்பக்கம் அந்த ரெண்டு எழுத்தப் பாருங்க.

டூஸ்ட்ரோக்_ராசா:
ஓ, அப்ப எஃப்டினு இருந்தா எந்த கம்பெனியா இருந்தாலும் சரியாண்ணே?

லேத்து_பட்டறை:
என் கணக்குல சரிதான். எஃப்டி இருக்கற ஆயில்ல ஒண்ண எடுத்துக்கிட்டு அதையே தொடர்ந்து போடறதுதான் முக்கியம். மாசத்துக்கு ஒரு பிராண்ட் மாத்தி, ஒவ்வொரு தடவையும் ரேஷியோ மாத்தி, ஆனா நீடில (கார்புரேட்டர்ல பெட்ரோல் அளவ மாத்தற திருகாணி) மட்டும் தொடாம ஓட்டறாங்க பாருங்க, அவங்க எஞ்சின்தான் பட்டறைக்கு வரும்.

கடலோரக்_காற்று:
நான் ராமநாதபுரம் பக்கம். எங்ககிட்ட அவுட்போர்டு படகு மோட்டாருக்கு வாங்கற டிசி-டபிள்யூ3 ஆயில் கேன் கணக்குல இருக்கும். அதுவும் 2 ஸ்ட்ரோக் ஆயில்தானே, விலையும் கம்மி. ஏரோப்ளேனுக்குப் போட்டா என்ன ஆகும்?

லேத்து_பட்டறை:
ஆகாதுங்க. அவுட்போர்டு கடல் தண்ணில குளிர்ந்துட்டே ஓடற எஞ்சின், அந்த அளவு சூட்டுக்குத்தான் அந்த ஆயில் செஞ்சிருக்கு. காத்துல குளிர்ற எஞ்சின்ல ஹெட் சூடு அத விட ரொம்ப மேல போகும், அங்க அது ரிங்க சுத்தமா வச்சுக்காது, நாளாக நாளாக பள்ளத்துல பசையா இறுகி ரிங் ஒட்டிக்கும். ஒண்ணு ஒத்துக்கணும், துரு பிடிக்காம காக்கறதுல அவுட்போர்டு ஆயில் கெட்டிக்காரன். கடலோரத்துல ஓட்டறவங்க மோகம் அங்கதான் வருது. துருவுக்கு வேற வழி இருக்கு, பின்னால சொல்றேன்.

அதே மாதிரி 20டபிள்யூ40 மாதிரி ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயில யாரும் ஊத்திடாதீங்க. அதுல இருக்கற துத்தநாகம், கால்சியம் மருந்தெல்லாம் எரிஞ்சா சாம்பலா நிக்கும், ப்ளக்க கெடுக்கும்.

விமானப்_பித்தன்:
100:1 பத்தி யாராவது பேசுங்க. ஆம்ஸாயில் சேபர் டப்பாவுலயே 100:1 போடலாம்னு இருக்கே, கம்பெனியே சொல்லும்போது நாம ஏன் மூணு மடங்கு ஊத்தணும்?

ப்ராப்_பிரியன்:
அது புல்வெட்டி, செயின்சா மாதிரி மெஷினையும் சேத்து மனசுல வச்சு சொன்னது ப்ரோ. ஒடனே எஞ்சின் பிடிக்காது, ஓடும். ஆனா ஆயில் கம்பெனி சொல்றத விட எஞ்சின் செஞ்சவன் சொல்றதுக்கு மரியாதை கொடுங்க, வாரண்டி அவன்கிட்டதான் கேக்கப் போறோம். ஒரு லிட்டருக்கு 10 மில்லி எங்க, 33 மில்லி எங்க. அந்த 23 மில்லில மிச்சம் பிடிச்சு என்ன பண்ணப் போறோம்?

சேலத்து_கருடன்:
கணக்க கொஞ்சம் தெளிவா சொல்லுங்க, லிட்டருக்கு எவ்வளவு மில்லி?

ப்ராப்_பிரியன்:
1000ஐ ரேஷியோவால வகுத்தா போதும். 25:1க்கு 40 மில்லி, 30:1க்கு 33, 32:1க்கு 31, 40:1க்கு 25, 50:1க்கு 20. அஞ்சு லிட்டர் கேன்னா அத அஞ்சால பெருக்கிக்கோங்க, 40:1க்கு 125. மெடிக்கல் ஷாப்ல 50 மில்லி சிரிஞ்ச் கிடைக்கும், அத ஆயிலுக்குன்னே தனியா வச்சுக்கோங்க, பாட்டில் மூடியால அளக்கறது கண்ணால குத்துமதிப்பா ஊத்தறதெல்லாம் வேண்டாம். அமெரிக்க வீடியோ பாத்தா அவங்க கேலனுக்கு அவுன்ஸ் சொல்லுவாங்க, ஒரு கேலன் 128 அவுன்ஸ், அதனால 32:1னா 4 அவுன்ஸ். அந்த சுலபத்துக்காகத்தான் அங்க 32:1 அடிக்கடி காதுல விழும், அதுல வேற மந்திரம் எதுவும் இல்ல.

கலக்கும்போது பாதி பெட்ரோல் ஊத்தி, ஆயில் முழுசும் ஊத்தி, நல்லா குலுக்கி, அப்புறம் மீதி பெட்ரோல். வெளிய வச்சு கலக்குங்க. தண்ணி பாட்டில்ல மட்டும் தயவுசெஞ்சு ஊத்தி வைக்காதீங்க, வீட்ல குழந்தைங்க இருப்பாங்க. கலந்த கேன் மேல தேதி, ஆயில் பேர், ரேஷியோ மூணும் மார்க்கர்ல எழுதிடுங்க. ஆயில்ல சாயம் இருந்தா ரொம்ப நல்லது, வெறும் பெட்ரோலுக்கும் கலந்ததுக்கும் கண்ணால வித்தியாசம் தெரியும். ஆயில் இல்லாத பெட்ரோல் டேங்க்ல போயிட்டா எஞ்சின் அதோட முடிஞ்சுது.

விமானப்_பித்தன்:
ஆயில் நிறைய ஊத்தினா ரிச் ஆகும்ல, அப்ப நீடில மூடணுமா?

லேத்து_பட்டறை:
இங்கதான் முக்கால்வாசி பேர் தலைகீழா புரிஞ்சு வச்சிருக்காங்க. ரிச், லீன்ங்கறது காத்துக்கும் பெட்ரோலுக்கும் உள்ள கணக்கு, பெட்ரோல் கூடினா ரிச், குறைஞ்சா லீன், லீன் ஆனா எஞ்சின் சூடாகும். ஜெட் வழியா போற அளவு அதேதான், அதுல ஆயில் கூடினா பெட்ரோல் குறையுது, அப்ப லீன் ஆகுது. 25:1 போடுன்னு சொல்ற சீனியர் நல்ல எண்ணத்துலதான் சொல்றார், ஆனா 50:1ல ட்யூன் பண்ணின எஞ்சின்ல 25:1 ஊத்திட்டு நீடில தொடலேன்னா பாதுகாப்பு கூடல, கொஞ்சம் குறைஞ்சிருக்கு. அளவு சின்னதுதான், 50:1ல இருந்து 30:1க்கு வந்தா ஒரு சதவீதத்துக்கு கொஞ்சம் மேல. இருந்தாலும் ஏற்கெனவே விளிம்புல ட்யூன் பண்ணி வச்ச எஞ்சினுக்கு அது போதும்.

ஆனா நான் உண்மையா பேச வந்தது வேற. நாம ஆயில்ல ஒரு சதவீதத்துக்கு இத்தனை சண்டை போடறோம், பங்க்ல பெட்ரோலே மாறிப்போச்சே, அத யாராவது பேசறோமா? இப்ப நமக்கு வர்றது இ20, அஞ்சுல ஒரு பங்கு எத்தனால். வெறும் பெட்ரோல் ஒரு கிலோ எரிய காத்து சுமார் 14.7 கிலோ வேணும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ரெண்டையும் 20 சதவீதத்துல கலந்தா பதிமூணரை பக்கம் வரும். அதாவது எத்தனால் இல்லாத பெட்ரோல்ல அளவா வச்ச நீடில்ல இ20 ஊத்தினா ஏழெட்டு சதவீதம் லீன். ஆயில் ரேஷியோ மாத்தறதால வர்ற வித்தியாசத்த விட இது எத்தனை மடங்கு பெருசுன்னு நீங்களே போட்டுப் பாருங்க. காருக்குள்ள சென்சார் இருக்கு, அதுவா சரி பண்ணிக்கும். நம்ம வால்ப்ரோ கார்புரேட்டர்ல இருக்கறது ரெண்டே திருகாணி, அத திருப்ப வேண்டியது நம்ம கை. எஞ்சின் சூடாகி பிடிச்சதும் எல்லாரும் முதல்ல ஆயில் பிராண்டத்தான் திட்டறாங்க, பாவம் அந்த ஆயில் ஒண்ணும் பண்ணிருக்காது.

மெல்பர்ன்_தமிழன்:
அண்ணன் சொல்றது நூத்துக்கு நூறு. இங்க ஆஸ்திரேலியால இ10 தனி பம்ப்ல வரும், ப்ரீமியம் 98ல பொதுவா எத்தனால் இருக்காது, அதனால இங்க ஃபீல்டுல எல்லாரும் 98தான் வாங்குவாங்க. ஆக்டேனுக்காக இல்ல, இந்த எஞ்சினுக்கு அவ்வளவு ஆக்டேன் தேவையே இல்ல. எத்தனால் வேண்டாம்ங்கறதுக்காக மட்டும்தான். அங்க ஊர்ல எத்தனால் இல்லாம எதாவது கிடைக்குதா?

விமானப்_பித்தன்:
100 ஆக்டேன் பெட்ரோல் சில பங்க்ல கிடைக்குது, அதுல எத்தனால் இல்லேன்னு சொல்றாங்க. விலை கண்ணக் கட்டுது.

லேத்து_பட்டறை:
சொல்றாங்கன்னு நம்ப வேண்டாம், வீட்லயே பாத்துடலாம். 100 மில்லி அளவு கோடு போட்ட கண்ணாடிக் குழாய், லேப் சாமான் கடைல கிடைக்கும். 10 மில்லி தண்ணி, அது மேல 90 மில்லி பெட்ரோல், ஆயில் கலக்காதது. மூடி நல்லா குலுக்கி, மூடிய லேசா திறந்து ஆவிய விட்டு, கொஞ்ச நேரம் நிறுத்தி வைங்க. தண்ணி அடியில தங்கும். எத்தனால் இருந்தா அது பெட்ரோல விட்டு தண்ணியோட போய் சேந்துக்கும், அடி லேயர் பெருசாகும். 10லயே நின்னா எத்தனால் இல்ல, 25 தாண்டி நின்னா அது இ20. நெருப்பு பக்கத்துல இல்லாம வெளிய வச்சு பண்ணுங்க.

சில பேர் இதையே பெரிய கேன்ல பண்ணி, எத்தனால கழுவி எடுத்துட்டு மேல நிக்கற பெட்ரோல ஊத்தி ஓட்டறாங்க. எனக்கு அதுல சம்மதம் இல்ல. எத்தனால் போனா அதோட ஆக்டேனும் போகும், உள்ள தண்ணியும் கொஞ்சம் தங்கும். இ20தான் கிடைக்குதுன்னா இ20லயே ஓட்டுங்க, ஆனா இ20லயே ட்யூன் பண்ணுங்க, பழசா தேங்கினத ஊத்தாதீங்க.

கடலோரக்_காற்று:
துரு பத்தி சொல்றேன்னீங்களே அண்ணே. எங்க பக்கம் உப்புக் காத்து, ரெண்டு மாசம் பறக்காம வச்சா பேரிங்ல கரகரன்னு சத்தம் வருது.

லேத்து_பட்டறை:
எத்தனால் காத்துல இருக்கற ஈரத்த இழுக்கும். டேங்க்ல பாதி பெட்ரோல் விட்டு வச்சா ஈரம் சேந்துட்டே போகும், ஒரு அளவுக்கு மேல போனா தண்ணியும் எத்தனாலும் ஒண்ணா பிரிஞ்சு அடியில உக்காந்துக்கும். ஆயில் மேல பெட்ரோலோட நின்னுடும். க்ளங்க் அடியிலதான கிடக்கு, ஸ்டார்ட் பண்ணும்போது எஞ்சின் உள்ள போறது ஆயில் இல்லாத தண்ணி கலந்த சாராயம். பேரிங் துருப்பிடிக்காம என்ன பண்ணும்? அதனால ஃபீல்டுல இருந்து கிளம்பும்போது டேங்க காலி பண்ணி, மிச்சம் இருக்கறத எஞ்சின் ஓட்டியே தீத்துடுங்க. பல மாசம் வைக்கறதா இருந்தா ப்ளக்க கழட்டி சுத்தமான 2டி ஆயில் கொஞ்சம், கார்புரேட்டர் பக்கம் கொஞ்சம் விட்டு ப்ராப்ப கையால சுத்தி வைங்க. இக்னிஷன் ஸ்விட்ச் ஆஃப்ல இருக்கான்னு பாத்துட்டு ப்ராப்ல கை வைங்க, அத மறக்கவே கூடாது.

ப்ராப்_பிரியன்:
இதுல மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து அண்ணே. கார்புரேட்டர காயப்போட்டா உள்ள இருக்கற டயாஃப்ரம் (மெல்லிய சவ்வு) விறைச்சுப் போயிடுது, அடுத்த தடவை ஸ்டார்ட் பண்ண கை வலிக்க சுத்தணும். நான் கலவைய உள்ளயே விட்டுத்தான் வைப்பேன், டயாஃப்ரம் ஈரமா மெத்துன்னு இருக்கும்.

லேத்து_பட்டறை:
எத்தனால் இல்லாத பெட்ரோல்னா உங்க முறைதான் சரி, நானும் அப்படித்தான் சொல்லுவேன். இ20ல ஊறிட்டே கிடந்தாலும் அதே டயாஃப்ரம் கெடுது. வாரா வாரம் பறக்கறவர் உள்ள விட்டு வைக்கலாம், மாசக்கணக்கா வைக்கறவர் காலி பண்ணட்டும். டயாஃப்ரம் கிட் ஒண்ணு கைவசம் வாங்கி வச்சுக்கறது ரெண்டு பேருக்கும் நல்லது.

ப்ராப்_பிரியன்:
வாரா வாரம் பறக்கறேன், அதான் எனக்கு தொந்தரவு தெரியல போல. ஆனா மழைக்காலத்துலயும் விட்டுத்தான் வைக்கறேன், இதுவரை ஓடுது.

நாலு_ஸ்ட்ரோக்:
இடையில ஒரு கேள்வி. என்கிட்ட சைட்டோ எஃப்ஜி பெட்ரோல் எஞ்சின் இருக்கு, ஃபோர் ஸ்ட்ரோக். இதுக்கும் ஆயில் கலக்கணுமா? கார் மாதிரி தனியா ஆயில் சம்ப் இல்லையே.

லேத்து_பட்டறை:
கண்டிப்பா கலக்கணும், அதுவும் நிறைய. சம்ப் கிடையாது, பிஸ்டன் ரிங்க தாண்டி கீழ கசியற ஆயில்லதான் கிராங்க், பேரிங், கேம் எல்லாம் நனையணும். அதனால 15:1, 20:1 கணக்குல சொல்லிருப்பாங்க. உங்க மாடல் மேனுவல்ல இருக்கறத அப்படியே பிடிங்க. டூ ஸ்ட்ரோக்குக்கு கலந்த 40:1 கேன்ல இருந்து இதுக்கு ஊத்தாதீங்க, ரெண்டுக்கும் தனித்தனி கேன்.

சேலத்து_கருடன்:
அண்ணே ரொம்ப நன்றி. தண்ணி டெஸ்ட் பண்ணிட்டேன், எங்க பங்க் பெட்ரோல் 27ல நிக்குது, அப்ப சுத்தமான இ20தான். ஜாஸோ எஃப்டி போட்ட ஆயில் ஒரு லிட்டர் வாங்கியாச்சு, மேனுவல்படி 30:1 கலக்கப் போறேன். ப்ரேக்-இன்னுக்கு (புது எஞ்சின முதல்ல ஓட்டிப் பழக்கறது) மட்டும் மினரல் ஆயில் போடணும், சிந்தடிக் போட்டா ரிங் உக்காராதுன்னு ஃபீல்டுல சொல்றாங்க, அது ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க. க்ளோவுல இருந்த சிலிக்கான் ட்யூப், டேங்க் ஸ்டாப்பர் (டேங்க் வாய் ரப்பர் அடைப்பான்) அப்படியே இருக்கலாமா?

ப்ராப்_பிரியன்:
சிலிக்கான் ட்யூப் இன்னிக்கே கழட்டுங்க ப்ரோ! பெட்ரோல் பட்டா ஊதி வழவழன்னு ஆகி கிழிஞ்சுடும். டைகான் மஞ்சள் ட்யூப் போடுங்க. ஸ்டாப்பரும் பெட்ரோலுக்குன்னு தனியா வரும், க்ளோ ஸ்டாப்பர் வீங்கிடும். டேங்க்ல ஃபெல்ட் க்ளங்க், கேன்ல இருந்து ஊத்தற பம்ப்ல ஒரு ஃபில்டர். வால்ப்ரோ உள்ள இருக்கற வலை ரொம்ப சின்னது, ஒரு தூசி போதும் லீன் ஆக்கறதுக்கு.

லேத்து_பட்டறை:
மினரல் விஷயத்துல பழைய பட்டறைக்காரங்க சொல்றதுல அர்த்தம் இருக்கு. ரொம்ப வழுக்கற ஆயில்ல ரிங் சிலிண்டரோட உரசி பதியறதுக்கு நேரம் கூட எடுக்கும், அதனால சில எஞ்சின் கம்பெனியே முதல் சில லிட்டருக்கு மினரல் சொல்றாங்க. உங்க மேனுவல்ல அப்படி இருந்தா செய்யுங்க, நல்ல பங்க் 2டி அதுக்குப் போதும், ராசா தம்பி சந்தோஷப்படுவார். இல்லேன்னா வாங்கின எஃப்டி ஆயில்லயே ஆரம்பிங்க, ரிங் உக்காரத்தான் செய்யும். ரிங்க கெடுக்கறது ரிச்சா வச்சு மணிக்கணக்கா ஸ்டாண்டுல ஐடில்ல ஓட்டறது. எஞ்சினுக்கு லோடும் காத்தும் வேணும், ஒரு டேங்க் தரைல ஓட்டிப் பாத்துட்டு தூக்கிட்டுப் போய் பறக்க விடுங்க.

ப்ளக் என்ஜிகே சிஎம்-6, கேப் அரை மில்லிமீட்டருக்குள்ள. ரெண்டு நீடிலும் ஒண்ணரை சுத்து திறந்து ஆரம்பிங்க. இ20ங்கறதால பழைய வீடியோல காட்டற இடத்த விட கொஞ்சம் கூடவே திறந்து இருக்க வேண்டி வரும், அதப் பாத்து பயந்து மூடாதீங்க. எஞ்சின் சூடான பிறகு முழு த்ராட்டில், டாக்கோமீட்டர் வச்சு ஹெச் நீடில (வேகம் கூடின ஓட்டத்துக்கானது) மெதுவா மூடிட்டே வந்தா ஆர்பிஎம் ஒரு உச்சத்துல நிக்கும், அங்க இருந்து திரும்ப திறந்து 200, 300 ஆர்பிஎம் குறைச்சு விட்டுடுங்க. ஒருத்தர் ப்ளேன நல்லா பிடிச்சுக்கிட்டு மூக்க வானத்தப் பாக்க நிமிர்த்தி திரும்பவும் கேளுங்க, சத்தம் தொய்ஞ்சா இன்னும் கொஞ்சம் திறக்கணும். கௌல்ல காத்து உள்ள வர்ற ஓட்டைய விட வெளிய போற வழி ரெண்டு மடங்காவது பெருசா இருக்கணும், உள்ள வர்ற காத்து சிலிண்டர் துடுப்பு நடுவுல போகற மாதிரி பலகை அடைச்சு விடுங்க, இது சரியில்லேன்னா எந்த ஆயில் போட்டும் பிரயோஜனம் இல்ல. முதல் டேங்க் முடிஞ்சதும் எஞ்சின் ஆறின பிறகு மஃப்ளர் போல்ட், ப்ராப் போல்ட் ரெண்டையும் திரும்ப டைட் பாருங்க, மஃப்ளர் போல்ட் பெரும்பாலும் லூஸ் ஆகியிருக்கும்.